அஞ்சலாவின் ஐந்து உருக்குத் தட்டுகள்

அஞ்சலாவுக்கு நாற்பத்தாறு வயது. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில், படிக்கட்டுகளுக்கும் பல்கணிகளுக்கும் இரும்புக் கைப்பிடிகள் செய்து பூட்டும் ஒரு சிறிய பட்டறையில் இருபத்துநான்கு வருடங்களாக வேலை செய்கிறாள். பட்டறைக்குள் அவள் ஒருத்திதான் பெண். கந்தோரில் கடிதங்கள் எழுதும் காரினையும் சேர்த்தால் இரண்டு பேர். தமிழ்ச் சனத்தின் கொண்டாட்டங்களில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "இரும்பு வெட்டி ஒட்டுற வேலை" என்பாள். கேட்டவர் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் தாயோடு ஜேர்மனிக்கு வந்துவிட்டாள். வெடிச்சத்தம் என்றால் உடம்பு தானாகக் குனிந்துவிடும் பழக்கம் மட்டும் அவளோடு கூடவே வந்தது. புதுவருடத்துக்கு இந்த நாட்டில் எல்லோரும் வெடி கொளுத்துவார்கள். கலியாணம் கட்டிய பிறகும்கூட அந்த ஒரு நாளை அவள் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டுதான் கழிப்பாள். மாசி மாதம் வரைக்கும் எந்தத் தெருவில் எந்தப் பெடியன் மிச்ச வெடியைக் கொளுத்துவான் என்று பயந்து பயந்து நடப்பாள். அதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே கோபம் வரும்.

ஒருமுறை பட்டறையில் யாரோ ஒரு தகட்டைக் கீழே போட்டார்கள். அஞ்சலா மேசைக்குக் கீழே போய்விட்டாள். காரின் அதைப் பார்த்துவிட்டாள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது காரின் கேட்டாள்.

"சத்தம் எப்போது வரும் என்று தெரியாததுதானே உன் பயம்? எங்கள் கழகத்துக்கு ஒருநாள் வா. அங்கே சத்தத்தை நீயே வரவைக்கலாம்."

காரின் ஒரு சூட்டுக் கழகத்தின் செயலாளர். இந்த நாட்டுச் சிற்றூர்களில் அப்படிப்பட்ட கழகங்கள் சாதாரணம். நகரத்துக்கு வெளியே, காட்டோரம், மண் அணைகளுக்கு நடுவே அவர்களுடைய சுடுதளம் இருந்தது. முதல் நாள் அஞ்சலா காதுக் கவசத்தை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் கிடந்த மர வாங்கில் குந்தியிருந்தாள். மூன்றாம் நாள் கழகத்தின் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி, இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் இருந்த கடதாசியைச் சுட்டாள். கடதாசியில் படவே இல்லை. ஆனால் சத்தம் அவள் விரலை அழுத்தியபோதுதான் வந்தது, அதற்கு முன் வரவில்லை. அதைத்தான் அவள் பிறகு எனக்குச் சொன்னாள். "அண்டைக்கு நான் குனியேல்லை."

அதிலிருந்து ஆறு வருடங்களாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் போகிறாள். துவக்கு வீட்டுக்கு வருவதில்லை. கழகத்தின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியே இருக்கும். இருந்தாலும் அவளுடைய கணவன் பென்ஜமினுக்கு அது பிடிக்கவில்லை. அவன் யாழ்ப்பாணத்தான், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. போரில் செல் குண்டு விழுந்ததில் இடது காது கேளாமல் போனவன்.

"எத்தினை சனம் உந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தது. நீர் தேடிப் போறீர்" என்றான் ஒருநாள்.

"நான் சத்தத்தைத் தேடிப் போகேல்லை. பயத்தை விடப் போறன்."

"விட்டாச்சுத்தானே? பிறகென்னத்துக்கு இன்னும் போறீர்?"

சுடுவது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் பதில், ஆனால் அதை அவனிடம் சொல்ல முடியவில்லை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். "அஞ்சலா துவக்குப் பழகுறாவாம்" என்று அன்ரனிற்றா அக்கா அவள் காதில் விழும்படியே சொல்வார். அஞ்சலா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம், கழகத் தலைவர் ஹார்ட்முட் அவளைக் கூப்பிட்டார். அறுபது தாண்டிய, குரல் பெரிய மனிதர். தளத்தின் ஓரத்தில் ஒரு வரிசை இரும்புத் தட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பட்டால் டங் என்று ஒலிக்கும். கடதாசியைச் சுட்டுச் சலித்தவர்களுக்கு அந்த ஒலி ஒரு சந்தோசம். ஆனால் தட்டுகள் பழசாகி, முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் விழுந்திருந்தன.

"நீ இரும்பு வேலைக்காரி. எங்களுக்குப் புதிதாக ஐந்து செய்து தா. என் களஞ்சியத்தில் நல்ல தடித்த தகடு கிடக்கிறது" என்றார்.

தகட்டைக் கொண்டுவந்தும் காட்டினார். கட்டட வேலையில் மிஞ்சிய சாதாரண இரும்பு. அஞ்சலா அதை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள்.

"இது சரிவராது. மென்மையான இரும்பு. துப்பாக்கியின் ஈயச் சன்னம் பட்டுப் பட்டுப் பள்ளம் விழும். தட்டு மட்டமாக இருந்தால் சன்னம் நசுங்கி நாலு பக்கமும் தகட்டோடு ஒட்டியே சிதறும். பள்ளம் இருந்தால் கிண்ணத்துக்குள் ஊற்றின தண்ணீர் மாதிரித் திரும்பி எங்கள் பக்கம் வரும்."

"சின்னச் சன்னம்தானே, அஞ்சலா."

"கண்ணும் சின்னதுதான்."

அவர் சிரித்தார். அவளுக்கு எரிச்சல் வந்தது. பழைய தட்டுகளை உடனே கழற்றச் சொன்னாள். அதை மட்டும் அவர் கேட்டு நடந்தார். கடினப்படுத்திய உருக்குத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாரையாவது பார்க்கச் சொன்னாள். "சரி, உன் விருப்பப்படி செய்" என்று விட்டுவிட்டுப் போனார். விருப்பம் என்று அவர் சொன்னதே அவளுக்குக் குத்தியது. இதில் விருப்பத்துக்கு என்ன இடம்?

பட்டறை முதலாளியிடம் கேட்டு, அவர்கள் வழக்கமாகத் தகடு எடுக்கும் இடத்திலேயே அந்த உருக்கைச் சொல்லிவைத்தாள். ஐந்து வட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் துளையோடு இரண்டு காதுகள். வெப்பத்தால் வெட்டக்கூடாது, தண்ணீர்த் தாரையால்தான் வெட்டவேண்டும் என்று படத்திலும் எழுதினாள், கடிதத்திலும் எழுதினாள். ஆறு கிழமை கழித்து வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தால், ஐந்து தட்டுகளின் ஓரமும் நீலமாக இருந்தது. நீலத்துக்கு உள்ளே வைக்கோல் நிறத்தில் ஒரு கோடு. நெருப்பு பட்ட அடையாளம். அவ்வளவு சூடு ஏறினால் அந்த இடத்தில் உருக்கின் கடினம் போய்விடும். பார்வைக்கு உருக்கு, உள்ளே பழைய இரும்புதான்.

வெட்டிய இடத்துக்குப் போன் எடுத்தாள். எடுத்தவன் சொன்னான்: "அளவு சரிதானே? ஒரு மில்லிமீற்றர்கூடப் பிசகில்லை."

"அளவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன்."

"மேலே பெயின்ற் அடித்தால் தெரியாது."

அஞ்சலா போனை வைத்துவிட்டு வெளியே போய், முற்றத்தை இரண்டு தடவை சுற்றி வந்தாள். பிறகு திரும்பவும் எடுத்து, மேலாளரைக் கேட்டாள். அவர் விடுமுறையில். அடுத்தவருக்கு இந்த விசயம் தெரியாது. இப்படியே மார்கழி வந்துவிட்டது. அந்த ஐந்தையும் அவள் கழிவு இரும்புக்குள் எறிந்துவிட்டாள். யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக்கூடாது என்று எறிய முன்னர் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினாள். தை மாத முடிவில் சரியான தட்டுகள் வந்தன. ஓரம் சாம்பல் நிறம், தொட்டால் மணல்தாள் போல.

அதற்குப் பிறகுதான் வேலை அவளுக்கு இனித்தது. மத்தியான இடைவேளைகளிலும், வேலை முடிந்து ஒரு மணித்தியாலமும் நின்று செய்தாள். தட்டில் எங்கேயும் வெல்டிங் வைக்கவில்லை. அந்தச் சூடும் கடினத்தைக் கெடுக்கும். காதுகளின் பின்பக்கத்தில் வளைத்த தாங்கி ஒன்றைப் பூட்டி, அந்தத் தாங்கியில் சங்கிலியைக் கொழுவினாள். இரண்டு தூண்களும் மேலும் கீழும் குறுக்குச் சட்டமும் வைத்த இரும்புச் சட்டகம் ஒன்றில் அவற்றைத் தொங்கவிட்டாள். சங்கிலி தட்டுக்குக் கொஞ்சம் பின்னால் பிடிப்பதால், தட்டின் அடி தானாகப் பின்னே போகும், தலை முன்னே சாயும். முகம் நிலத்தைப் பார்க்கும். அப்போது பட்ட ஈயம் நேரே கீழே இருக்கும் மணல் பெட்டிக்குள் தெறிக்கும். அடி விழும்போது தட்டு ஆடவும் வேண்டும். ஆடினால்தான் அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். தாங்கியைப் பிடிக்கும் பூட்டாணிகள் சுடுபவர் பக்கம் தெரியாமல், மேல் குறுக்குச் சட்டத்தையும் காதுகளையும் தடித்த பலகையால் மறைத்தாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் அந்தச் சட்டகத்தை நிறுத்தி, காரினையும் ஹார்ட்முட்டையும் பாதுகாப்புக் கண்ணாடி போடவைத்து, மூன்று பேருமாகச் சுட்டுப் பார்த்தார்கள். மணிச்சத்தம் கேட்டது. அம்பது சன்னத்துக்குப் பிறகு அஞ்சலா போய்த் தட்டுகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். ஈயப் பூச்சு மட்டும்தான், பள்ளம் இல்லை. மணல் பெட்டிக்குள் ஈயத்துணுக்குகள் மின்னிக் கிடந்தன. அவளுக்குச் சரியான சந்தோசம்.

"இனி இதைப் பரிசோதகர் பார்க்கவேணும். அவர் பார்க்கும் வரைக்கும் உறுப்பினர்களுக்குத் திறக்கவேண்டாம்" என்றாள். சுடுதளத்தில் புதிதாக ஒன்றை வைத்தால் அதற்கென்று இருக்கும் நிபுணர் வந்து பார்த்து எழுதித்தரவேண்டும்.

"நான் எழுதுகிறேன்" என்றார் ஹார்ட்முட்.

சித்திரையில் கேட்டாள். எழுதியாயிற்று, பரிசோதகர் வரும் நாளுக்கு, ரெர்மினுக்கு, காத்திருக்கிறோம் என்றார். வைகாசியில் கேட்டாள். அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, "ஜேர்மனியில் முப்பது வருடம் இருக்கிறாய், ஒரு ரெர்மின் எவ்வளவு காலம் எடுக்கும் என்று உனக்குத் தெரியாதா?" என்று பகிடி விட்டார். அந்தப் பதிலுக்கு மேல் என்ன கேட்பது? உண்மையில் அவர் ஒரு கடிதமும் எழுதியிருக்கவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

ஆனி மாதம் கழகத்தில் ஊர்ச் சனத்துக்கான திறந்த நாள். அன்று காலை அன்ரனிற்றா அக்காவின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல்நன்மைச் சடங்கு. அஞ்சலா பூசை முடித்து, விருந்தில் பாதியில் எழும்பி, பென்ஜமினிடம் கெஞ்சி, சேலையோடேயே காரில் சுடுதளத்துக்கு வந்து இறங்கினாள். பென்ஜமின் வாகனத்தை விட்டு இறங்கவில்லை.

வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. சத்தம் கேட்கவில்லை. சனம் ஒரு மூலையில் கூடி நின்றது. நடுவில் காரின் ஒரு கதிரையில் இருந்தாள். இடது புருவத்தில் வெள்ளைத்துணியை அமத்திப் பிடித்திருந்தாள். துணி சிவந்திருந்தது.

"கண்?" என்று அஞ்சலா கேட்டாள்.

"கண்ணுக்கு ஒன்றும் இல்லை. புருவம்தான். விருந்தினர்களுக்குக் கோப்பி கொடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கண்ணாடியில் ஆவி படிந்து மங்கியது என்று நெற்றிக்கு மேலே தள்ளியிருந்தேன். பிழை என்னுடையது."

அஞ்சலா தளத்தைப் பார்த்தாள். அவளுடைய சட்டகம் இருபத்தைந்து மீற்றரில் இல்லை. சுடும் இடத்திலிருந்து எட்டு மீற்றரில், முன்னால் தூக்கி வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தாள். ஐந்து தட்டுகளின் அடியையும் கட்டுக்கம்பியால் முன்னுக்கு இழுத்து, கீழ்ச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தட்டுகள் ஆடாமல், குனியாமல், சுடுபவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றன.

"இதை ஆர் கட்டினது?" என்று தமிழிலேயே கத்திவிட்டாள். பிறகு டொச்சில், ஜேர்மன் மொழியில், கேட்டாள்.

ஹார்ட்முட் முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் குறையவில்லை. "வந்தவர்கள் புதியவர்கள். தூரத்தில் இருந்தால் ஒருவருக்கும் படாது, ஏமாந்து போவார்கள். தட்டும் கோணலாகத் தொங்கியது. ஆடுவதால் அடுத்த ஆள் காத்துக்கொண்டு நிற்கவேண்டும். அதனால்தான் நேராக்கினேன்."

"அது கோணல் இல்லை! அதற்குத்தானே நான் மூன்று கிழமை அளந்தேன்! உங்களுக்கு முன்னாலேயே சொன்னேனே!"

"நீ சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமா? நீ இங்கே இருந்திருக்கவேண்டும்."

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. யாரோ ஒருவர் போனில் படம் எடுத்தார். அஞ்சலா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டகத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, கட்டுக்கம்பி இருந்தபடியே ஒவ்வொரு தட்டையும் தன் போனில் படம் எடுத்தாள். கட்டுக்கம்பியில் கை வைத்த ஹார்ட்முட்டிடம், "ஒன்றையும் அவிழ்க்கவேண்டாம்" என்றாள். அவர் கையை எடுத்தார்.

காரினுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று தையல். ஊசிமுனை அளவு ஈயத்துணுக்கு ஒன்றை எடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் பென்ஜமின் வாகனத்தை ஓட்டிக்கொண்டே சொன்னான். "நான் சொன்னனான்."

"நீங்கள் சொன்னது வேறை. இது வேறை."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ஆருக்கோ ரத்தம் வந்தது. நீர் செய்த சாமான்."

அவள் யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். தான் பிழை செய்யவில்லை என்று சொல்லவேண்டிய ஆட்களில் ஒருவராவது வீட்டுக்குள் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

அடுத்த கிழமை ஆயுதங்களுக்குப் பொறுப்பான அலுவலகம் தளத்தை மூடிவைத்தது. கழகம் அனுப்பிய அறிக்கையின் பிரதி அஞ்சலாவுக்கும் வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: உறுப்பினர் ஒருவர் தானே செய்த உருக்கு இலக்கு. அடைப்புக்குறிக்குள் அவளுடைய முழுப்பெயர். எட்டு மீற்றரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டுக்கம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டறை முதலாளியும் அதை அறிந்து, தகடு தங்களுடைய பெயரில் வந்ததென்பதால் கந்தோருக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அத்தனை வருடத்தில் அவளிடம் அவர் விளக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று பின்னேரம் ஒரு சாதாரண கைப்பிடியில் அவள் வைத்த வெல்டிங் இரண்டு தரம் பிழைத்தது.

அலுவலகத்துக்குத் தன் பக்கத்தை எழுத நினைத்தாள். அதற்கு ஒரு படிவம் இருந்தது. நிரப்பி அனுப்பினாள். உறுப்பினர் தனியாக எழுத முடியாது, கழகத்தின் ஊடாகத்தான் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கழகத்துக்கு அனுப்பினாள். தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தலைவர் ஹார்ட்முட். படிவத்தைக் கிழிக்கப் போய், பிறகு கிழிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

காரின் மட்டும் விடவில்லை. தையல் பிரித்த கையோடு, கழகச் செயலாளர் என்ற முறையில் பரிசோதகருக்கு அவளே கடிதம் எழுதினாள். அப்போதுதான் அதற்கு முன் அப்படி ஒரு கடிதமே போகவில்லை என்பது தெரிந்தது. ஏழு கிழமை கழித்து, ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார். மெலிந்த, அவசரமில்லாத ஒரு மனிதர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது.

"இதைச் செய்தது யார்?"

"நான்தான்" என்றாள் அஞ்சலா. உருக்கின் சான்றுப் பத்திரத்தையும், வரைபடத்தையும், கட்டுக்கம்பியோடு எடுத்த படங்களையும் மேசையில் பரப்பினாள். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தட்டுகளின் முகத்தை விரலால் தடவினார். ஓரத்தைப் பார்த்தார். சங்கிலியை ஆட்டிவிட்டுக் கோணத்தை அளந்தார். ஹார்ட்முட் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தட்டு நல்ல வேலை" என்றார் பரிசோதகர். "கம்பியால் கட்டி, எட்டு மீற்றரில் வைத்தால் எந்தத் தட்டும் திருப்பி எறியும்."

அஞ்சலா மூச்சு விட்டாள். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"இந்த இரண்டு கால்களும் என்ன?" சட்டகத்தின் இரண்டு பக்கத் தூண்களைக் காட்டினார். "மேலே பலகை போட்டிருக்கிறீர்கள். இவை வெறும் சதுர இரும்பு. மென்மையானவை. முகம் நேரே சுடுபவரைப் பார்க்கிறது. இதோ, இதில் நாலு அடி பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் புருவத்துக்கு வந்தது தட்டிலிருந்து வந்ததா, இதிலிருந்து வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது."

அஞ்சலா குனிந்து பார்த்தாள். நாலு பள்ளம். ஒன்று ஆழமானது.

"இரண்டாவது, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒன்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள். எங்கே நிற்கவேண்டும், எப்படித் தொங்கவேண்டும் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை. உங்கள் தலைக்குள் இருப்பதை மற்றவர்கள் எப்படி அறிவார்கள்?"

பக்கத்தில் ஹார்ட்முட் ஆமோதித்து மெல்லத் தலையாட்டியது அவள் கண்ணில் பட்டது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. தூண்களுக்குப் பலகை போடவேண்டும் என்று அவள் பங்குனியிலேயே நினைத்தாள். பரிசோதகர் வர முன்னர் போடலாம் என்று தள்ளிவைத்தாள். தட்டு, தட்டு என்று தட்டிலேயே கண்ணாக இருந்துவிட்டாள். அந்தப் பரிசோதகர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள்.

அன்று அவள் நேரே காரினின் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேசையில் இருந்துகொண்டு விசயத்தைச் சொன்னாள். "அது தூணில் இருந்து வந்திருந்தால், அது என்னுடைய பிழை."

காரின் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். "எட்டு மீற்றரில் இல்லாவிட்டால் தூணும் எனக்கு ஒன்றும் செய்திராது. கண்ணாடி போட்டிருந்தால் புருவமும் தப்பியிருக்கலாம். மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது, அஞ்சலா. ஆனால் தாளில் ஒரு ஆளின் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் கோபம்."

புரட்டாதி முழுக்க அஞ்சலா திரும்பவும் வேலை செய்தாள். தூண்களைத் தடித்த பலகையால் மூடினாள். பலகை சிதைந்தால் மாற்றக்கூடியபடி பூட்டினாள். இரண்டு பக்கமும் தெறிப்பதைப் பிடிக்கப் பலகைத் தடுப்புகள் வைத்தாள். சட்டகத்தின் பாதங்களை இருபத்தைந்து மீற்றர்க் கோட்டில் சீமெந்துக்குள் இறக்கினாள். இனி யாராலும் தூக்க முடியாது. ஒரு பித்தளைத் தகட்டில் எழுத்துகளைப் பொறித்துச் சுடும் இடத்தில் பூட்டினாள்: ஈயச் சன்னம் மட்டும். சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் நின்று சுடக்கூடாது. பார்க்க வந்தவர்களும் கண்ணாடி போடவேண்டும். தொடங்க முன் ஒவ்வொரு தட்டையும் கையால் தடவிப் பார்க்கவேண்டும், பள்ளமோ வெடிப்போ இருந்தால் கழற்றவேண்டும். தட்டுகளைக் கட்டக்கூடாது. கடைசி வரியைப் பொறிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று அவளே சொன்னாள்.

பரிசோதகர் இரண்டாம் முறை வந்து பார்த்து எழுதிக்கொடுத்தார். தளம் திறந்தது. ஐப்பசியில் உறுப்பினர் கூட்டம். தட்டுகளைத் தொடர்ந்து பாவிப்பதா, விடுவதா என்பது வாக்கெடுப்புக்கு வந்தது. ஹார்ட்முட் எழும்பி, கடையில் விற்பதை வாங்குவதுதான் எல்லோருக்கும் நிம்மதி, வீட்டுச் செய்கைகளில் பட்ட அனுபவம் போதும் என்றார். அஞ்சலா பதில் சொல்லக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். அதற்குள் காரின் எழும்பிவிட்டாள்.

"ஆனி மாத அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்தும்வரை நான் இந்தக் கழகத்தின் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கமாட்டேன். என்னுடைய புருவத்தைப் பற்றிய வரி அது. எனக்கு அதில் ஒரு சொல்லுரிமை உண்டு."

ஹார்ட்முட் தாளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். கடைசியில் திருத்தினார். சட்டகம் இடம் மாற்றப்பட்டது, தட்டுகள் கட்டப்பட்டன என்று இரண்டு வரி கூடியது. யார் மாற்றினார், யார் கட்டினார் என்பது அதில் இல்லை. அஞ்சலாவின் பெயரும் அப்படியே இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் எடுக்கவில்லை, இன்றுவரை எடுக்கவில்லை.

வாக்கெடுப்பில் பதினாலுக்குப் பன்னிரண்டு. தட்டுகள் தங்கின. ஆனால் ஒரு நிபந்தனையோடு: தட்டுகளைப் பாவிக்கும் நேரமெல்லாம் அஞ்சலா மேற்பார்வைக்கு நிற்கவேண்டும். அதற்கு அவள் ஒரு பாடநெறி படித்து, ஒரு அன்ராக் விண்ணப்பம் நிரப்பி, பத்திரம் எடுத்தாள். சுடுவதற்காகப் போனவள் இப்போது சனிக்கிழமைகளில் மற்றவர்களுடைய கண்ணாடியையும், சன்னப் பெட்டியையும், நிற்கும் கோட்டையும் பார்த்துக்கொண்டு முதுகு நோக நிற்கிறாள். "எனக்குப் பரிசு தந்ததோ தண்டனை தந்ததோ தெரியேல்லை" என்கிறாள்.

இந்த வைகாசியில் ஒரு சனிக்கிழமை பென்ஜமின் அவளை ஏற்ற வந்தான். வழக்கமாக வாகனத்துக்குள் யன்னலை ஏற்றிவிட்டு இருப்பவன், அன்று ஏனோ இறங்கி வேலியோரம் வந்து நின்றான். அவள் ஒரு பெரிய தடியனைக் கோட்டுக்குப் பின்னால் போகச் சொல்லி அதட்டுவதைப் பார்த்தான். அந்தத் தடியனும் பின்னால் போனான்.

"உந்தாள் உமக்குப் பயந்து நிக்கிறான்" என்றான் வாகனத்தில்.

"பயம் இல்லை. விதி."

"எண்டாலும்." சந்தியில் வாகனத்தைத் திருப்பினான். "எனக்கு இப்பவும் உது பிடிக்கேல்லை. ஆனால் நீர் செய்த சாமான் பிழையில்லை எண்டு அன்ரனிற்றா அக்காவுக்குச் சொன்னனான்."

"அவ என்ன சொன்னவ?"

"துவக்கு வீட்டிலயோ வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டவ."

அஞ்சலாவுக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது.

போன சனிக்கிழமை மழை. நாலு பேர்தான் வந்தார்கள். ஐந்து மணிக்கு முன்னரே அவர்களும் போய்விட்டார்கள். மேற்பார்வைப் பத்திரம் வைத்திருந்த காரின் அவளுடைய இடத்தில் நின்றுகொண்டு, "போ, நீ சுடு" என்றாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அஞ்சலா கோட்டில் நின்று பத்துத் தடவை சுட்டாள். ஏழு தரம் மணி அடித்தது. மூன்று தவறிப் பின்னால் இருந்த மண் அணைக்குள் போனது. வீட்டுக்கு வந்து சமைக்கும்போதும் அந்த மூன்றைப் பற்றியே பென்ஜமினுக்குப் புறுபுறுத்துக்கொண்டிருந்தாள்.